நெகாரா அரங்கமும் பூப்பந்தின் காற்றும்

கோலாலம்பூரில் பூப்பந்து (பேட்மிண்டன்) பார்த்து வளர்ந்தவர்களுக்கு நெகாரா அரங்கம் என்றதுமே 1992 மே மாதம்தான் நினைவுக்கு வரும். இந்தோனேசியாவை 3-2 என்று வீழ்த்தி, ஆண்கள் அணிகளுக்கான உலகப் பூப்பந்துப் போட்டியின் தாமஸ் கிண்ணத்தை 25 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியா மீட்டது அங்கேதான். 1962இல் திறக்கப்பட்ட நாட்டின் முதல் உள்ளரங்கம் அது. பக்கத்திலிருக்கும் மெர்டேக்கா அரங்கை வடிவமைத்த ஸ்டான்லி ஜூக்ஸ்தான் இதற்கும் வடிவம் தந்தார். 1970 தாமஸ் கிண்ண இறுதியாட்டத்தில் நம் பஞ்ச் குணாளன் களமிறங்கியதும் இங்கேதான்.

கூடைப்பந்து, இசை நிகழ்ச்சி என்று பலவும் அங்கே நடந்திருக்கின்றன. ஆனால் கூரையையும் சுவரையும் பூப்பந்து நம்பியிருக்கும் அளவுக்கு வேறெதுவும் நம்பியிருக்கவில்லை. காரணம் அந்தப் பந்து.

16 இறகுகள், ஒரு தக்கை, மொத்தம் 4.74 முதல் 5.50 கிராம். எடை இவ்வளவு குறைவு, காற்றைத் தடுக்கும் பரப்போ அதிகம். அதனால் ஏறக்குறைய ஒவ்வொரு மூன்றேகால் மீட்டருக்கும் அதன் வேகம் பாதியாகிவிடும். மணிக்கு 300 கிலோமீட்டரில் அடித்த பந்து 10 மீட்டர் தாண்டுவதற்குள் 40க்கும் கீழே வந்துவிடுகிறது. எதிரே நிற்பவர் அதை எடுத்துத் திருப்பி அடிக்க முடிவதே இந்தக் காற்றுத் தடையால்தான்.

அதே காற்று கொஞ்சம் நகர்ந்தால் போதும், ஆட்டம் மாறிவிடும். உயரமாகத் தூக்கிய பந்து இரண்டு வினாடி வரை மேலே இருக்கும். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் குளிர்சாதனக் காற்று குறுக்கே வீசினால் நம் தோலுக்கு அது இலேசாகத்தான் தெரியும். பந்தோ அரை மீட்டருக்கும் மேல் விலகிப்போகலாம். கோட்டுக்குள் விழ வேண்டியது வெளியே விழும். பெரிய அரங்குகளில் காற்று வரும் வழிகளை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது என்று பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இதனால்தான்.

கூட்டமும் காற்றை மாற்றுகிறது. உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். பத்தாயிரம் பேர் என்றால் பத்து லட்சம் வாட்! சூடேறிய காற்று மேலே எழும், அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அரங்கு நிறைந்த இறுதியாட்டத்தில் வீசும் காற்று, காலையில் காலி அரங்கில் பயிற்சி செய்தபோது இருந்த காற்று அல்ல.

வெப்பநிலை 20 பாகையிலிருந்து 30க்கு ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு குறைகிறது. நம் ஊர்ப் புழுக்கமும் இதில் சேர்ந்துகொள்ளும். ஈரக் காற்று கனமானது என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் நீராவி மூலக்கூறு நைட்ரஜனைவிட இலேசானது. அடர்த்தி குறைந்தால் தடை குறைந்து பந்து தூரம் போகும். அதற்காகத்தான் பந்துகள் வேக எண்ணோடு விற்கப்படுகின்றன. வெப்ப நாடுகளில் குறைந்த எண், அதாவது மெதுவான பந்து. சரியான பந்தா என்று பார்க்க, பின்கோட்டிலிருந்து கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடிக்கிறார்கள். எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் அது விழ வேண்டும்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் வேகமான பந்தை அடக்க இறகு நுனிகளை விரலால் மடித்துவிடுவோமே, அதுவும் காற்றுத் தடையைக் கூட்டும் வேலைதான். போட்டியில் ஆட்டக்காரர் அப்படிச் செய்தால் விதிமீறல்.