மீன் பித்தப்பையை முழுங்காதீங்க, கிட்னி போயிடும்

சுகருக்கு நல்லதுன்னு யாரோ சொன்னதை நம்பி ரோகு மீனோட பித்தப்பையை பச்சையா முழுங்கிட்டு, கிட்னி வேலை செய்யாம வர்றவங்களை சிறுநீரக டாக்டரா நான் பாத்திருக்கேன், அதனாலதான் இதை எழுதுறேன். பாகக்கா கசக்குது, வேப்பிலை கசக்குது, இதுவும் கசக்குது அதனால சுகர் இறங்கிடும்னு ஒரு கணக்கு. மூட்டு வலி, ஆஸ்துமா, கண் பார்வைன்னும் சொல்றாங்க. எதுக்குமே இது மருந்து கிடையாது.

"நமக்கும் பித்தம் இருக்கு, மீனுக்கும் இருக்கு, அது என்ன டாக்டர் பண்ணிடும்?"னு கேக்குறாங்க. நியாயமான கேள்விதான். ரெண்டு பேருக்குமே பித்தத்துல இருக்குற முக்கியமான சரக்கு கல்லீரல்ல கொலஸ்ட்ரால்ல இருந்துதான் தயாராகுது, ஆரம்பம் ஒண்ணுதான், போற வழிதான் வேற. கொலஸ்ட்ரால்ல 27 கார்பன் அணு இருக்கு. நம்ம கல்லீரல் அதோட வால் பக்கம் 3 கார்பனை வெட்டிட்டு, 24 கார்பன் இருக்குற கோலிக் ஆசிட் மாதிரி பித்த அமிலமா மாத்தி, கிளைசின் இல்லன்னா டாரின்னு ஒரு சின்ன மூலக்கூறை சேத்து பித்தப்பைக்கு அனுப்புது. ரோகு, கட்லா, மிர்கால், புல்கெண்டைன்னு கெண்டை குடும்பத்து மீனுங்க அந்த வெட்டுற வேலைய செய்றதில்ல, 27 கார்பனையும் அப்படியே வெச்சுக்கிட்டு சல்ஃபேட்டை ஒட்டி சைப்ரினால் சல்ஃபேட்டா முடிச்சிடுது. மீனுக்கு அது கொழுப்பை ஜீரணிக்கிற சாதாரண சரக்கு, ஆனா நம்ம உள்ள போனா கல்லீரல் செல்லையும், கிட்னியில யூரினை வடிச்சு அனுப்புற குழாய் செல்லையும் சாகடிக்குது.

முழுங்கின சில மணி நேரத்துல வாந்தி, வயித்து வலி, பேதி. எல்லாரும் ஃபுட் பாய்சன்னு நினைச்சு மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிப் போட்டுக்குறாங்க, வாந்தியும் நின்னுடுது, சரியாயிடுச்சுன்னு வேலைக்குக் கூட போயிடுறாங்க, அதுக்குள்ள ரெண்டு மூணு நாள்ல யூரின் குறைஞ்சு, முகம் கால் வீங்கி, கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, ரத்தத்துல இது ஏறினா கிட்னி சரியா வேலை செய்யலன்னு அர்த்தம்) ஏறிடுது, சிலருக்கு கண்ணும் மஞ்சளாகும். முறிவு மருந்துன்னு ஒண்ணு இல்ல. கிட்னி தானா மீண்டு வர்ற வரைக்கும் டயாலிசிஸ்தான், பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துல திரும்பிடுது, ஆனா உயிர் போனதும் உண்டு.

வேக வெச்சா விஷம் போயிடுமான்னா போகாது, சாராயத்துல கலந்து குடிச்சாலும் போகாது. பெரிய மீன்னா பித்தமும் அதிகம், அதனால ஆபத்தும் அதிகம்.

இதுக்காக மீனே வேணாம்னு பயப்படாதீங்க. சென்னைக்கு ஆந்திராவுல இருந்து வர்ற ரோகு, கட்லா நல்ல சாப்பாடுதான், சதையில பிரச்சனை இல்ல. சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்ல வெட்டித் தர்ற அண்ணன், அக்காங்க பித்தப்பையை முழுசா எடுத்துப் போட்டுடுவாங்க. வீட்டுல வெட்டும்போது அது உடைஞ்சா, பச்சையா பித்தம் பட்ட இடத்தை அறுத்து எறிஞ்சிட்டு மீதிய நல்லா கழுவுங்க. மருந்துக்கு வேணும்னு யாராவது கேட்டா தயவுசெஞ்சு குடுக்காதீங்கண்ணா.

ஏற்கனவே யாராவது முழுங்கியிருந்தா வாந்தி நின்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மீன் பித்தப்பை சாப்பிட்டாருன்னு டாக்டர்கிட்ட வாயத் திறந்து சொல்லுங்க, ஏன்னா நீங்க சொல்லாம எந்த பிளட் டெஸ்ட்டும் அதைக் காட்டிக் குடுக்காது. கிரியேட்டினின், லிவர் டெஸ்ட் ரெண்டும் முதல் நாள் நார்மலா இருந்தாலும் அடுத்தடுத்த நாளும் எடுக்கச் சொல்லுங்க.