அண்டர்டாக் – சிறுபடையான்

போட்டி தொடங்கும் முன்பே தோற்பவர் கணக்கில் எழுதப்பட்டவரை ஆங்கிலத்தில் அண்டர்டாக் என்பார்கள். அவருக்குத் திறமை குறைவு என்பது இதன் பொருளில் இல்லை. இவர் வெல்வார் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆளைப் பற்றிய சொல்லாகத் தோன்றினாலும், உண்மையில் இது பார்ப்பவர்களின் கணிப்பைப் பற்றிய சொல். தமிழில் நிகர்ச்சொல் தேடும்போது நாம் பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறோம்.

சொல் பிறந்தது நாய்ச்சண்டையில். 19ஆம் நூற்றாண்டில் இரண்டு நாய்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டுவார்கள். கீழே அமுக்கப்பட்டுக் கிடப்பது அண்டர்டாக், மேலேறி நிற்பது டாப் டாக். மரம் அறுக்கும் குழியின் அடியில் நின்றவனிடமிருந்து வந்த சொல் என்று ஒரு கதையும் உலவுகிறது. அதற்குச் சான்று கிடையாது. நாய்ச்சண்டையிலிருந்து அரசியலுக்குப் போய், பிறகு எல்லா விளையாட்டுக்கும் இச்சொல் பரவியது. பரவிய இடமெல்லாம் கீழே கிடப்பவன் மீதான இரக்கமும் கூடவே வந்தது.

நம் விளையாட்டுப் பக்கங்களில் 'கத்துக்குட்டி' என்று எழுதுகிறோம். அது கற்றுக்குட்டி என்பதன் பேச்சு வடிவம். அரைகுறையாகக் கற்றவன் என்று பொருள். பல ஆண்டு பயிற்சி பெற்ற தொழில்முறை வீரரை அப்படிச் சொல்வது பிழை மட்டுமல்ல, அவமதிப்பும்கூட. 'எளியவர்', 'பலம் குன்றியவர்' ஆகியவை இரக்கத்தோடு நின்றுவிடுகின்றன. இவர் வென்றாலும் வெல்வார் என்ற எச்சரிக்கை அவற்றில் இல்லை.

அந்த எச்சரிக்கை உள்ள சொல் திருக்குறளில் இருக்கிறது. இடனறிதல் அதிகாரம், 498ஆம் குறள்:

சிறுபடையான் செல்லிடம் சேரின் உறுபடையான்
ஊக்கம் அழிந்து விடும்.

சிறுபடையான் சிறிய படை உடையவன். உறுபடையான் பெரும்படை உடையவன். இடையில் நிற்கும் 'செல்லிடம்' என்ற சொல்லில்தான் குறளின் உயிர் இருக்கிறது. 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்' என்ற குறளிலும் இதே சொல் வருகிறது: சினம் பலிக்கக்கூடிய இடம். செல்லுபடி என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் 'செல்'தான். ஆக, செல்லிடம் என்பது ஒருவனுடைய வலிமை செல்லுபடியாகும் இடம். அங்கே போய்ச் சேர்வது யார் என்பதில் உரைகள் வேறுபடுகின்றன. பரிமேலழகர் உரைப்படி, பெரும்படையான்தான் சிறுபடையானின் இடத்துக்குள் போய்க் கெடுகிறான். பிற்கால உரைகளில், சிறுபடையான் தனக்குத் தக்க இடத்தில் பொருந்தி நிற்கிறான். ஸ்டார்கிராஃப்ட் என்ற கணினிப் போர் விளையாட்டின் ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவருக்கு இந்த இரண்டு உரையுமே சரியென்று தோன்றும்.

இங்கே ஒரு தடை எழும். முறை வைத்து ஆடாமல், இருவரும் ஒரே நேரத்தில் தளம் கட்டிப் படை திரட்டி மோதும் இத்தகைய நிகழ்நேர வியூக விளையாட்டில் சிறுபடையான் என்று யாரைச் சொல்வது? 1998இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்டில் சாம்பியனுக்கும் நான்கு தொழிலாளிகள், புதியவருக்கும் நான்கு தொழிலாளிகள். படை கட்டத் தோண்டியெடுக்கும் தாதுவும் சமம், வரைபடமும் ஒன்றுதான். அப்படியானால் சாம்பியனின் பெரும்படை எங்கே இருக்கிறது? எதிரே உட்கார்ந்திருப்பவரின் மனத்தில் இருக்கிறது. பழைய வெற்றிகள், பார்வையாளர்களின் கணிப்பு, 'இவரிடம் நீண்ட ஆட்டம் ஆடினால் தோல்வி உறுதி' என்ற அச்சம், இவையே அந்தப் படை. குறளும் உறுபடையானின் படை அழியும் என்று சொல்லவில்லை, ஊக்கம் அழியும் என்றே சொல்கிறது.

இதற்கு என் மனத்தில் முதலில் வரும் ஆட்டம் 2007 மார்ச் 3 அன்று தென்கொரியாவில் நடந்த எம்எஸ்எல் என்ற தொழில்முறை ஸ்டார்கிராஃப்ட் தொடரின் இறுதி. ஆடுபவர் தேர்ந்தெடுக்க மூன்று இனங்கள் உண்டு. ஒரு பக்கம் அவற்றில் ஸெர்க் இனத்தை ஆடும் மா ஜே-யூன். ஒரு வாரம் முன்புதான் இன்னொரு பெரிய தொடரான ஓஎஸ்எல்லையும் வென்றிருந்தார். ஆட்டத்தையே ஆளும் வீரருக்குக் கொரியர்கள் வைத்திருந்த 'போன்ஜ்வா' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்திருந்தது. மறுபக்கம் பிசு என்ற பெயரில் ஆடிய இளைஞர் கிம் தேக்-யோங். அவருடைய இனம் ப்ரோட்டாஸ். ஸெர்க்கிடம் ப்ரோட்டாஸ் திணறும் என்பது அன்றைய பொதுக் கணக்கு. ஐந்து ஆட்டத் தொடரைக் கிம் 3-0 என முடித்தார். கொரியாவில் அந்த நாளை '3.3 புரட்சி' என்றே அழைக்கிறார்கள்.

அவர் செய்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எதிராளியைப் பார்த்துப் பார்த்து வளர்ந்து, கடைசியில் நசுக்குவது மா ஜே-யூனின் பலம். ஸெர்க்குக்குக் கண் போன்றவை ஓவர்லார்டுகள். வானில் மெல்ல மிதக்கும் இவை இருந்தால்தான் படை பெருக்க முடியும். மறைந்து வரும் எதிரியைக் காட்டிக்கொடுப்பவையும் இவைதான். கிம் இரண்டாவது தளத்தைச் சீக்கிரமே எழுப்பிக்கொண்டு, கோர்சேர் விமானங்களை அனுப்பி ஓவர்லார்டுகளை வேட்டையாடினார். கூடவே டார்க் டெம்ப்ளர்கள் வந்தார்கள், கண்ணுக்கே தெரியாத வாள்வீரர்கள். காட்டிக்கொடுக்க ஓவர்லார்டு இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய படையும் அவர்களைத் தொட முடியாது. எல்லாரிலும் நன்றாகப் பார்க்கத் தெரிந்தவரை, பார்க்க முடியாத இடத்துக்கு இழுத்துவந்தார் கிம். பரிமேலழகர் சொன்னபடியே உறுபடையான் சிறுபடையானின் செல்லிடத்துக்குள் வந்துவிட்டார்.

சிறுபடையானின் வெற்றி எல்லாமே இப்படி நுட்பமாக அமைவதில்லை. தொடக்கத்திலேயே எதிராளிக்குத் தெரியாமல் கட்டடம் எழுப்பி, ஒரே அடியில் முடிக்கப் பார்ப்பதை ஆட்டக்காரர்கள் 'சீஸ்' என்கிறார்கள். மலிவான வெற்றி என்ற ஏளனம் அதில் உண்டு. எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடில்லை. மறைந்து நின்று தாக்குவதற்குக் 'கரந்தடி' என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது, அதையே இங்கும் ஆளலாம். 2004 நவம்பர் 12 அன்று ஓஎஸ்எல் அரையிறுதியில் லிம் யோ-ஹ்வான், ஹோங் ஜின்-ஹோவின் தளத்தருகே பங்கர் என்ற காவலரணைக் கட்டி அடித்தார். அடுத்த ஆட்டத்திலும் அதையே செய்தார். 'மூன்றாவது முறையுமா செய்வார்?' என்று தோன்றும்போது மூன்றாவது முறையும் செய்து 3-0 என வென்றார். லிம்மைச் சிறுபடையான் என்று சொல்ல முடியாது, அவர் பேரரசர் என்று பட்டம் பெற்றவர். கரந்தடி யார் கையிலும் இருக்கும் கருவிதான். அங்கே அடிபட்டது தளம் மட்டுமல்ல, எதிராளியின் கணிப்பும்தான்.

எழுதும்போது ஒருமையில் சிறுபடையான் என்றும், மதிப்புப் பன்மையிலும் பெண்களுக்கும் அணிகளுக்கும் சிறுபடையார் என்றும் எழுதலாம். 'இறுதிப் போட்டியில் சிறுபடையாராக இறங்கினார்' என்ற வாக்கியம் காதுக்கு இடறவில்லை. இந்தச் சொல் யாரிடமும் நிலையாகத் தங்குவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிம் தேக்-யோங் அடுத்த எம்எஸ்எல்லையும் வென்றார். அதே 2007இன் நவம்பரில் மூன்றாவது முறையாக இறுதிக்கு வந்தபோது, எதிரே இருந்தவர் பார்க் சங்-க்யுன் என்ற புதியவர். அன்று உறுபடையான் கிம். 3-1 என்று தோற்றார்.