கழித்தல் கணக்கால் கட்டிய கோட்டை

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டில் மொத்தம் 32 கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 8-4, அதாவது எட்டாம் உலகத்தின் நான்காம் கட்டம். பௌசர் இளவரசியை அடைத்து வைத்திருக்கும் கோட்டை அதுதான். உள்ளே போகிறவர் வழக்கம்போல் வலப்பக்கம் ஓடுவார். குழாய்கள் வரும், கடிக்கிற செடிகள் தலைதூக்கும், ஆமைகள் குதித்து வரும். தாண்டித் தாண்டி ஓடினால் மறுபடியும் அதே குழாய்கள், அதே செடிகள். இன்னும் ஓடினாலும் அவையேதான். எங்கோ ஒரு குழாய்க்குள் இறங்கினால்தான் அடுத்த பகுதிக்கு வழி. எந்தக் குழாய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தவறான குழாயில் இறங்கினால் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும்.

எட்டாம் உலகத்தில் பாதிவழிச் சேமிப்பும் கிடையாது. செத்தால் கட்டத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். டிவி கேம் பெட்டியில் 'கேசட்' செருகி ஆடிய தலைமுறையில் பலருக்கு இளவரசியின் முகம் தெரியாமலே போனதற்கு இந்தக் கோட்டைதான் காரணம்.

பார்க்கிறவருக்கு இது பெரிய புதிர்மாளிகை போலத் தெரியும். உண்மையில் குழாய்களை விட்டால் இந்தக் கோட்டையில் ஒரு கிளைவழி கூட இல்லை. நேராக நீளும் ஒரே ஒரு பட்டை அது. முடிவில்லாமல் நீள்வது போன்ற மயக்கத்தைத் தருவது ஒரே ஒரு கழித்தல்.

1985 செப்டம்பரில் ஜப்பானில் ஃபேமிகாம் கருவிக்காக நின்டெண்டோ இந்த விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர்கள் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி டெசூகாவும். கேசட்டுக்குள் இருந்த மொத்த இடம் 40 கிலோபைட். நிரலுக்கும் கட்டங்களின் வரைபடங்களுக்கும் இசைக்கும் சேர்த்து 32, படங்களுக்கு 8. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படமே இதைவிடப் பல மடங்கு பெரியது. விளையாடும்போது கணக்குப் போட்டுக்கொள்ளக் கருவியில் இருந்த நினைவகம் வெறும் 2 கிலோபைட்.

இவ்வளவு சின்ன இடத்தில் கோட்டையை எப்படி எழுதி வைப்பது? கட்டத்தை ஒரு திரை அகலமுள்ள பக்கங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பக்கத்தின் அகலம் 256 புள்ளிகள், அதாவது 16 செங்கற்கள். 'இந்தப் பக்கத்தில், இத்தனையாவது வரிசையில், இன்ன உயரத்தில் ஒரு குழாய்' என்ற செய்தி முழுவதும் இரண்டே பைட்டில் அடங்கிவிடும். எதிரிகளின் பட்டியலும் ஏறத்தாழ இப்படித்தான். மாரியோ ஓட ஓட, நிரல் இந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டே திரையின் வலது ஓரத்துக்கு அப்பால் அடுத்த பகுதியைக் கட்டும்.

இடப்பக்கம் போனதை அது நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை. எந்த நேரத்திலும் நினைவகத்தில் இருப்பது இரண்டு பக்கங்களின் செங்கற்கள் மட்டும். பக்கத்துக்கு 208 பைட். முன்னால் பாயை விரித்துக்கொண்டே பின்னால் சுருட்டிக்கொண்டு வருவது போன்ற வேலை. இந்த விளையாட்டில் திரை ஏன் பின்னோக்கி நகர்வதில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பின்னால் எதுவும் மிச்சமில்லை.

இதைப் புரிந்துகொண்டால் சுற்றிச் சுற்றி வரும் மாயம் எளிது. மாரியோ எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறார் என்பது நினைவகத்தில் ஓர் எண். திரையின் இடது ஓரம் எந்தப் பக்கம், வலது ஓரம் எந்தப் பக்கம், இப்போது கட்டிக்கொண்டிருப்பது எந்தப் பக்கம் என்பதற்கும் தனித்தனி எண்கள் உண்டு. வழி தவறிவிட்டார் என்று தெரிந்தால் நிரல் இவை எல்லாவற்றிலிருந்தும் 4-ஐக் கழிக்கிறது. வரைபடப் பட்டியலில் படித்துக்கொண்டிருந்த இடத்தையும் பின்னுக்கு நகர்த்துகிறது. அவ்வளவுதான். திரையில் ஒரு துளி அசைவும் தெரியாது. ஏற்கெனவே வரைந்த படம் அப்படியே இருக்கும், மாரியோ அப்படியே ஓடிக்கொண்டிருப்பார். வலது ஓரத்தில் புதிதாக முளைப்பது மட்டும் நான்கு பக்கங்களுக்கு முந்தைய கோட்டையாக இருக்கும்.

ஏன் 4? எனக்கு இந்த நிரலில் மிகவும் பிடித்த நுணுக்கம் இது. ஃபேமிகாமின் படச் சில்லு பக்கவாட்டில் நகரும் காட்சிக்கு இரண்டு திரை அகலமுள்ள பரப்பை வைத்திருக்கிறது. இரட்டைப்படைப் பக்கங்கள் ஒரு பாதியிலும் ஒற்றைப்படைப் பக்கங்கள் மறு பாதியிலும் விழும். செங்கற்களை வைத்திருக்கும் அந்த 208 பைட் அறைகளுக்கும் இதே கணக்கு. 3-ஐயோ 5-ஐயோ கழித்திருந்தால் ஒற்றை இரட்டையாகி, திரையில் தெரிவது ஒன்றும் நினைவகத்தில் இருப்பது வேறொன்றுமாகக் குழம்பியிருக்கும். இரட்டைப்படை எண்ணைக் கழித்தால் தையல் தெரியாது.

வழி தவறியதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 4-4, 7-4 கோட்டைகளிலும் இதே தந்திரம் உண்டு; அங்கே மேலும் கீழுமாகப் பிரியும் பாதைகளில் சரியானதில் ஓட வேண்டும். நிரலுக்குள் 11 வரிகள் கொண்ட சிறிய அட்டவணை இருக்கிறது. எந்த உலகம், எந்தப் பக்கம், மாரியோ எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியும் சொல்லும். குறிப்பிட்ட பக்கத்தைக் கட்டத் தொடங்கும் அந்தக் கணத்தில் மாரியோவின் உயரம் அட்டவணையோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும், கால் தரையிலும் இருக்க வேண்டும். சரியான மேல்பாதையில்தான் ஓடுகிறீர்கள், ஆனால் அந்தக் கணம் பார்த்துக் குதித்துவிட்டீர்கள் என்றால் அதுவும் தவறுதான். அந்தப் பக்கம் உங்கள் கண்ணில் படுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். 7-4 இன்னும் கறார்: கீழ், நடு, மேல் என்று மூன்று சோதனைகளில் வரிசையாகத் தேற வேண்டும்; பிறகு மேல், நடு, மேல் என்று இன்னொரு மூன்று.

8-4-க்கு அட்டவணையில் மூன்று வரிகள்: 6, 11, 16-ஆம் பக்கங்கள். மூன்றிலும் எழுதியிருக்கும் உயரம் 240. இந்த விளையாட்டில் உயரத்தைத் திரையின் உச்சியிலிருந்து கீழ்நோக்கி எண்ணுவார்கள். திரையின் மொத்த உயரமே 240 புள்ளிகள்தான். அந்த இடத்தில் கால் ஊன்றி நிற்க மாரியோவால் ஒருபோதும் முடியாது. ஆக, இந்தச் சோதனையில் எவரும் தேறக்கூடாது என்பதற்காகவே வைத்த சோதனை இது. நடந்து போய் இந்தக் கோட்டையைக் கடக்கவே முடியாது. புதிதாக ஒரு வரி நிரல் எழுதாமல், முந்தைய கோட்டைகளுக்கு எழுதிய சோதனையில் ஓர் அசாத்தியமான எண்ணைப் போட்டு முடிவில்லாத தாழ்வாரத்தைச் செய்துவிட்டார்கள். குறும்புக்காரர்கள்.

ஒரு சுற்று என்பது நான்கு பக்கம், 1024 புள்ளிகள். மாரியோவின் உச்ச வேகம் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் படம் ஒருமுறை மாறும் நேரத்துக்கு, இரண்டரைப் புள்ளி. நொடிக்கு 60 ஃபிரேம். எங்கும் தடுமாறாமல் ஓடினாலும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7 நொடி வீண். மேலே ஓடும் கடிகாரத்தில் 400 என்று காட்டுவது நொடிக்கணக்கு இல்லை. அதன் ஓர் அலகு 24 ஃபிரேம், அதாவது 0.4 நொடி. மொத்தமாகக் கையில் இருப்பது 2 நிமிடம் 40 நொடிதான். செடிகளுக்கு நின்று, ஆமைகளுக்குப் பின்வாங்கி, நான்கைந்து சுற்று வந்தால் கடிகாரமே கொன்றுவிடும்.

சரியான குழாயைக் கண்டுபிடித்து இறங்கும்போது இன்னொரு வினோதம் நடக்கிறது. தான் எங்கே கொண்டுபோகும் என்பது குழாய்க்கே தெரியாது! 'அடுத்த பயணம் இன்ன கட்டம், இன்ன பக்கம்' என்ற தகவல் எதிரிகளின் பட்டியலுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத எதிரியைப் போல ஒளிந்திருக்கிறது. திரை நகர்ந்து அந்த இடம் வரும்போது அது நினைவகத்தில் ஏறி, முன்பிருந்த தகவலை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். குழாயில் இறங்கினால் கடைசியாக எது ஏறியதோ அங்கேதான் போவீர்கள். வேகப் போட்டி ஆடுகிறவர்கள் 4-2 கட்டத்தில் இதை அழகாகப் பயன்படுத்துகிறார்கள். செங்கல்லில் இடித்து, திரையோடு ஒப்பிட்டால் மாரியோ வழக்கமான இடத்திலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்கும்படி செய்துவிடுவார்கள். அப்போது மாரியோ குழாயை அடைந்த பிறகும் திரை போதிய தூரம் நகர்ந்திருக்காது; குழாய்க்கான தகவல் ஏறியிருக்காது. அதற்கு முன்பு ஏறிய, மறைவான படர்கொடிக்கான தகவலே நிற்கும். எனவே நாணய அறைக்குப் போகவேண்டிய குழாய், கொடி ஏறிப் போகவேண்டிய குறுக்குவழி அறையில் கொண்டுபோய் விடும்.

8-4-இல் தண்ணீருக்கடியில் ஒரு பகுதியையும், சுத்தியல் எறியும் ஆமை ஒன்றையும் கடந்தால் கடைசியில் பாலம், பாலத்தின் மேல் பௌசர்.

பௌசரின் உடம்பு அந்தக் கருவிக்கு மிகப் பெரியது. எதிரிகளுக்கு நிரல் ஒதுக்கும் இடம் குறைவு. ஓர் இடத்துக்கு 16 புள்ளி அகலமும் 24 புள்ளி உயரமும் கொண்ட உருவம்தான் அடங்கும். அதனால் முன்பாதி ஓர் எதிரி, பின்பாதி இன்னோர் எதிரி என்று இரண்டு பேரை ஒட்டி ஒரு பௌசர் செய்திருக்கிறார்கள். இன்னொரு தடை, படச் சில்லு ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்டாது. பௌசருக்கு நான்கு, மாரியோவுக்கு இரண்டு, தீப்பிழம்புக்கு மூன்று, மேலே சுத்தியல்கள் என்றால் எட்டைத் தாண்டிவிடும். மிஞ்சிய துண்டு மறைந்தே போகாமல் இருக்க, யாருக்கு முதலிடம் என்பதை நிரல் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசிச் சண்டையில் உருவங்கள் மினுக்கிக்கொண்டு தெரிவது இதனால்தான். பலர் நினைப்பது போலக் கேசட் பழசானதால் இல்லை.

முதல் ஐந்து உலகங்களில் பௌசர் தீ மட்டும் கக்குவார். ஆறிலும் ஏழிலும் சுத்தியல் மட்டும். எட்டில் இரண்டும். தீ கக்கும் இடைவெளி தற்செயலானது போலத் தோன்றும். அது எட்டு எண்கள் கொண்ட நிலையான பட்டியல். நீளம், குட்டை என்று இரண்டே அளவுகள் கலந்து வரும். தீயின் உயரம் மட்டும் சீட்டுக் குலுக்கி எடுப்பது. நான்கு சீட்டு, மூன்று உயரம். தாழ்ந்த உயரத்துக்கு இரண்டு சீட்டு.

குலுக்கல் என்றாலும் கணினியில் குலுக்க ஏது சீட்டு? ஏழு பைட்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் அவற்றிலுள்ள எல்லாப் பிட்டுகளையும் (0 அல்லது 1 என்ற இலக்கங்களை) ஓர் இடம் தள்ளுகிறார்கள். 7-ஆம் பிட்டையும் 15-ஆம் பிட்டையும் ஒப்பிட்டு, ஒரே மாதிரி இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 என்று முன்னால் காலியான இடத்தில் போடுகிறார்கள். இவ்வளவு எளிய விதியில் பிறக்கும் வரிசை 32,767 ஃபிரேம் வரை திரும்பி வராது. சுமார் 9 நிமிடம். கருவியை இயக்கியதும் முதல் பைட்டில் எப்போதும் 165 என்ற ஒரே எண்தான் இருக்கும், ஆகவே மொத்த வரிசையும் முன்பே முடிவான ஒன்று. விளையாட்டை இடையில் நிறுத்தி வைத்தாலும் இந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தேநீர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்தால், குடிக்காமல் தொடர்ந்திருந்தால் வந்திருக்கும் தீ வராது.

கையில் நெருப்புப் பூவின் சக்தி இருந்தால் ஐந்து தீப்பந்துகளில் பௌசர் விழுந்துவிடுவார். முந்தைய கோட்டைகளில் அப்படிச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அவர்கள் போலி என்று தெரியும். 1-4-இல் பௌசர் வேடம் கலைந்து விழுவது காளான் உருவச் சின்ன எதிரியான சாதாரணக் கூம்பா, 7-4-இல் சுத்தியல் ஆமை. 8-4-இல் விழுகிறவர்தான் அசல்.

தீப்பந்து இல்லாதவர்களுக்குப் பாலத்தின் மறுமுனையில் கோடரி. அதைத் தொட்டால் பாலம் துண்டு துண்டாக மறைந்து பௌசர் எரிகுழம்பில் விழுவார். இவ்வளவு பெரிய ஆயுதம் நிரலைப் பொறுத்தவரை ஒரு செங்கல் வகைதான். நாணயத்தைத் தொட்டதும் எடுத்துக்கொள்ளும் அதே சோதனைப் பகுதியில்தான் கோடரிக்கும் ஒரு வரி இருக்கிறது.

வேகப் போட்டிக்காரர்களின் கடிகாரம் நிற்பதும் கோடரியைத் தொடும் கணத்தில்தான். மற்றக் கட்டங்களில் அடுத்த கட்டத்துக்கு மாறுவது 21 ஃபிரேமுக்கு ஒருமுறை திறக்கும் கதவு போல இருப்பதால், ஓரிரு ஃபிரேம் மிச்சப்படுத்தினாலும் பெரும்பாலும் பயனில்லை. 8-4-இல் அப்படிக் காத்திருக்க அடுத்த கட்டமே இல்லாததால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் விலை உண்டு. பௌசரின் ஒரு தேவையில்லாத குதியோ, தாழ்வாக வந்த ஒரு தீயோ மொத்த ஓட்டத்தையும் வீணாக்கிவிடும்.

இளவரசி நன்றி சொல்லிவிட்டு, புதிய சவால் ஒன்று காத்திருப்பதாகவும் அறிவிப்பார். அதற்காகக் கேசட்டில் புதிய கோட்டைகள் எதுவும் இல்லை. நினைவகத்தில் ஒரு குறி 0-விலிருந்து 1-க்கு மாறும். அதே 32 கட்டங்களில் கூம்பாக்கள் இருந்த இடங்களிலெல்லாம் தீப்பந்துக்கு அசையாத வண்டுகள் வந்து நிற்கும்.