எம்.எல்.ஏ.வுக்கு எழுதுங்கள், ஆனால் கெடுவையும் பாருங்கள்

போன மாதம் ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார், மஞ்சள் பை நிறையக் காகிதத்தோடு. அரசுத் திட்டம் ஒன்றுக்காக அவர் நிலத்தை எடுத்திருக்கிறார்கள், இழப்பீடு போதவில்லை, அதனால் மூன்று வருடமாகத் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் மாறி மாறிக் கடிதம் போட்டிருக்கிறார். எல்லாம் சாதாரணத் தபால். ஒன்றுக்கும் ரசீது இல்லை.

"ஐயா, அவார்டு எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். அவார்டு என்பது இழப்பீட்டுத் தொகையை நிர்ணயித்துக் கலெக்டர் போடும் உத்தரவு. பெரியவர் தேதியைச் சொன்னதும் எனக்கு மனசு கனத்துப்போனது.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 64ஆம் பிரிவில், இழப்பீட்டை உயர்த்திக் கேட்டு கலெக்டரிடம் மனுக் கொடுக்க, அவார்டு சொல்லும்போது நேரில் இருந்தவருக்கு ஆறே வாரம்தான். தக்க காரணம் காட்டினால் மேலும் ஓராண்டு வரை ஏற்கலாம். எம்.எல்.ஏ.வுக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் இந்தக் கெடு நிற்காது. இது தெரியாமல் உரிமையை இழந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் வழக்கு, மேல்முறையீடு என்று எதுவாக இருந்தாலும் முதலில் கெடுத் தேதியைப் பாருங்கள், கடிதம் அப்புறம்.

சரி, கடிதமே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேள்வி கேட்கலாம், துறைக்குப் பரிந்துரை எழுதலாம், தொகுதி நிதியில் வேலை எடுக்கச் சொல்லலாம். எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு, அவர் பரிந்துரைத்தால் மாவட்ட நிர்வாகம் செய்யும். ரயில்வே கேட், பாஸ்போர்ட் என்றால் எம்.பி., தெருச் சாக்கடைக்கு வார்டு கவுன்சிலர். ஒரு கடிதத்தில் ஒரே கோரிக்கை, அதுவும் அவர் கையில் இருக்கிற கோரிக்கை. சர்வே எண், தேதி, இதற்கு முன் கொடுத்த மனுவின் எண் எல்லாம் இருந்தால் ஒரு பக்கமே போதும்.

ஆனால் உத்தரவு போடுகிற அதிகாரம் அவருக்குக் கிடையாது. நாளைக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு அலுவலருக்கு உத்தரவிடக் கோரும் மனு) போட நேர்ந்தால், அதிகாரமுள்ள அலுவலரிடம் மனுக் கொடுத்தீர்களா என்றுதான் கேட்பார்கள். அதனால் அதே நாளில் கலெக்டருக்கோ சம்பந்தப்பட்ட துறைக்கோ தனி மனுவாகவே அனுப்பிவிடுங்கள். எம்.எல்.ஏ. கடிதத்தின் அடியில் 'நகல்' என்று போட்டு நிறுத்திவிட வேண்டாம்.

பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், ஆகவே இனி ஸ்பீட் போஸ்ட்தான். ரசீதைக் கடித நகலின் பின்பக்கம் ஒட்டுங்கள். ஒப்படைத்த விவரத்தை அஞ்சல் துறை இணையதளத்தில் பார்த்து, உடனே அச்செடுத்துக் கூடவே வையுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, என் மனுமீது என்ன நடவடிக்கை என்று அந்த அலுவலகத்துக்கே 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பெரியவரின் பையில் கலெக்டர் அலுவலக முத்திரை விழுந்த காகிதம் ஒன்றாவது இருக்கிறதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.