கொக்கிப்பின்னல் பொத்தான்: சொல் விளக்கம்

முனை வளைந்த ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்து, உருண்டையாகவோ தட்டையாகவோ கையால் பின்னி, உடுப்பிலும் பையிலும் கைவினைப் பொருள்களிலும் தைத்துக்கொள்ளும் பொத்தானைப் பேச்சு வழக்கில் 'குரோஷா பட்டன்' என்கிறோம். இத்தொடரின் இரு பாதிகளும் பிறமொழிச் சொற்களே.

'குரோஷே' என்பது பிரெஞ்சுச் சொல். அம்மொழியில் கொக்கியைக் குறிக்கும் 'குரோக்' என்னும் சொல்லுடன் சிறுமையைக் காட்டும் ஈறு சேர்ந்து, சிறு கொக்கி என்னும் பொருளில் அமைந்தது. அதன் வேர் வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழிக்குச் செல்கிறது. முதலில் கருவிக்கு மட்டுமே உரியதாக இருந்த பெயர், பின்னர் அக்கருவியால் செய்யும் வேலைக்கும் ஆகிவந்தது. பின்னல் வேலை செய்யும் நம் பெண்களின் வாயில் அது 'குரோஷா' என்று திரிந்து, 'குரோஷா ஊசி', 'குரோஷா நூல்' என நிலைத்துவிட்டது.

'பொத்தான்' என்னும் சொல்லுக்குப் பயணம் இன்னும் நீண்டது. பொத்துதல் என்றால் மூடுதல் என்று தமிழிலேயே ஒரு வினை இருப்பதால், சட்டையின் திறப்பை மூடுவது பொத்தான் என்று வேர் காட்ட எவருக்கும் ஆசை வரும். ஆனால் இது போர்த்துகீசிய மொழியின் 'பொத்தாவ்' என்பதன் தமிழ் வடிவம். சன்னல், மேசை, அலமாரி, சாவி ஆகியவற்றோடு சேர்ந்து நம் வீட்டுக்குள் வந்த சொல் அது. போர்த்துகீசியரும் அதைப் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்தே பெற்றனர். ஆங்கிலத்தின் 'பட்டன்' பிறந்ததும் அங்கேதான். ஆகவே, பட்டன் வேண்டாம் பொத்தான் என்று சொல்க எனத் திருத்துவோர், ஒரே தாயின் இரு பிள்ளைகளில் மூத்த விருந்தாளிக்கு மட்டும் இடம் தருகிறார்கள். அம்மூலச் சொல்லுக்கு மொட்டு என்னும் பொருளும் உண்டு; முட்டிக்கொண்டு வெளிவருதல் என்னும் வினையடியில் தோன்றியதால் இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்தியது. தையற்காரர்கள் சொல்லும் 'காஜா'வும் பொத்தான் துளைக்குரிய 'காசா' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்ததாகவே கருதப்படுகிறது. இலங்கைத் தமிழர் 'தெறி' என்னும் தமிழ்ச் சொல்லைப் பொத்தானுக்கு வழங்குவது இங்கே குறிப்பிடத்தக்கது.

இனி, தகுந்த தமிழ்ப் பெயர் எது? கலைக்குக் 'கொக்கிப்பின்னல்' என்பதே மூலப்பொருளோடும் செய்முறையோடும் ஒருங்கே ஒத்துப்போகிறது. வெறும் 'பின்னல்' என்றால், இரண்டு நீள ஊசிகளால் கம்பளிச் சட்டை பின்னுவதும் அதனுள் அடங்கிவிடும். ஆனால், சுருக்கம் கருதிக் 'கொக்கிப் பொத்தான்' என்று எழுதுவது பிழையில் முடியும். ஜாக்கெட்டில் தைக்கும் உலோகக் கொக்கியைத்தான் எவரும் நினைப்பர். 'நூல் பொத்தான்' என்பதும் போதாது. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் 17ஆம் நூற்றாண்டு முதல் செய்யப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொத்தான் எந்திரம் வந்ததும் நலிந்துபோன பொத்தான்களும் நூலால் ஆனவையே. அவை வளையத்தின்மேல் தையல் ஊசியால் நூலைச் சுற்றி இழைத்தவை, அவற்றில் கொக்கிக்கு வேலையே இல்லை. மாறாக, 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தின்போது அயர்லாந்தின் குளோன்ஸ் போன்ற ஊர்களில் பெண்களுக்குப் பிழைப்பாக அமைந்த 'லேஸ்' பின்னல் கொக்கியால் செய்யப்பட்டது. அவ்வகைப் பின்னலால் ஆன மேலாடைகளில் தைத்த உருண்டைப் பொத்தான்களே நாம் பேசும் பொருள். எனவே 'கொக்கிப்பின்னல் பொத்தான்' என்று முழுமையாக எழுதுவதே தெளிவு. 'கொக்கிப்பின்னல் தெறி' என்பாருக்கும் தடையில்லை.

செய்முறைச் சொற்களில் 'கண்ணி', 'சங்கிலி' ஆகிய இரண்டும் எளிதாகவே பொருந்துகின்றன. 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரையிலான எஃகு ஊசியும் இறுக்கமாக முறுக்கிய பருத்தி நூலும் இருந்தால், நூல் வளையத்துக்குள் 6 கண்ணிகளிட்டு, அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டாக 12 ஆக்கி, ஒரு சுற்றைப் பெருக்காமல் பின்னி, பிறகு இரண்டிரண்டாக இணைத்து மீண்டும் 6க்குக் குறைத்தால் சிறு கிண்ணம் போன்ற வடிவம் கிடைக்கும். அதற்குள் மரமணியையோ அதே நூலின் துண்டுகளையோ திணித்து வாயைச் சுருக்கி, மிஞ்சும் நூல்வாலைக் கொண்டே துணியில் தைக்கலாம். நூலின் பருமனும் கைப்பிடியின் இறுக்கமும் அளவை மாற்றிவிடும் என்பதால், பொத்தானை முடித்த பிறகே காஜாவை வெட்ட வேண்டும்.

பிறமொழிக் குறிப்புகளைப் பார்த்துப் பின்னுவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: அமெரிக்கர் 'ஒற்றைக் குரோஷே' என்று சொல்லும் அதே கண்ணியைப் பிரித்தானியர் 'இரட்டைக் குரோஷே' என்பர். பெயரை மட்டும் நம்பி, அமெரிக்கர் இரட்டை என்று சொல்லும் உயரமான கண்ணியால் பொத்தானைப் பின்னினால், இடைவெளிகளின் வழியே உள்ளே திணித்தது வெளியே தெரியும்.