கண்டம்: எந்தப் பெட்டிக்குச் சொல்லலாம்?

மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ ஓரத் தண்டவாளத்தில் பெயின்ட் உரிந்த ரயில் பெட்டி ஒன்று நின்றால் யோசிக்காமல் சொல்லிவிடுவோம், "அது கண்டம் ஆன பெட்டி". டிப்போவில் கிடக்கும் பஸ்ஸுக்கும், ஆபீஸ் வாசலில் துருப்பிடிக்கும் ஜீப்புக்கும் இதே சொல்தான்.

தமிழில் முன்பே இருக்கும் கண்டம் எதுவும் இது இல்லை. துண்டு, பெருநிலம் என்ற பொருளில் வருவதும் கழுத்தைக் குறிப்பதும் வடமொழி வழி வந்தவை. ஜோதிடர் "தண்ணீரில் கண்டம்" என்றால் அது உயிராபத்து. பெட்டிக்குச் சொல்லும் கண்டமோ 'கண்டெம்ன்' என்ற ஆங்கிலச் சொல்லின் தேய்ந்த வடிவம். லத்தீன் மூலத்தில் அது தண்டனைத் தீர்ப்பு. பிறகு கப்பலோ கட்டடமோ வண்டியோ இனி உதவாது என்று அதிகாரி எழுதிக் கொடுப்பதற்கும் அதுவே பெயராயிற்று. உயிராபத்துக் கண்டத்தையும் பெட்டிக் கண்டத்தையும் குழப்பக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு, ஏனென்றால் 1964 டிசம்பர் 22 இரவு புயலில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில் பயணிகளோடு கடலில் போன கரை இது.

சரி, பழைய பெட்டி எல்லாம் கண்டமா? இல்லை. சென்னை பெரம்பூரின் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். 1955இல் தொடங்கி 2018 வரை கட்டிய பழைய வகைப் பெட்டிகளுக்குப் பொதுவாக 25 ஆண்டு ஆயுள் என்று கணக்கு. முதலில் அரிப்பது கழிவறைத் தரையும் பக்கச் சுவரின் அடிப்பாகமும்தான், தண்ணீர் தேங்குவது அங்கேதான், அதோடு நம் உப்புக் காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் பயணிகளை ஏற்ற லாயக்கில்லை என்று ஆன பிறகும் பல பெட்டிகளுக்கு வேலை இருக்கிறது. ஜன்னலையும் பக்கக் கதவையும் அடைத்து, சீட்டை எல்லாம் கழற்றி, முனைகளில் அகலக் கதவு வைத்தால் கார் ஏற்றும் பெட்டி தயார், ஒரு முனையில் ஏற்றிய காரை அப்படியே அடுத்த பெட்டிக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம். சில பெட்டிகள் தண்டவாளப் பணியாளர்கள் தங்கும் கேம்ப் கோச் ஆகின்றன, சில விபத்து மீட்பு ரயிலில் சேர்கின்றன. இவற்றைக் கண்டம் என்பது அநியாயம்.

துருவே இல்லாமலும் வேலை போகும். 2007இல் ராமேஸ்வரம் தடம் அகலப்பாதை ஆனபோது குறுகலான மீட்டர்கேஜ் பாதைக்கான பெட்டிகள், உடம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பாம்பன் பாலத்தில் ஓட முடியாதவை ஆகிவிட்டன.

தமிழில் என்ன எழுதுவது? அரசு ஏல அறிவிப்புகளில் "கழிவு செய்யப்பட்ட வாகனங்கள்" என்று வரும், பார்த்திருப்பீர்கள். கழிவுநீர் ஞாபகம் வருகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு அது நல்ல சொல்லாகவே படுகிறது, கணக்கிலிருந்து கழிப்பதுதானே நடக்கிறது. ஆனால் அது கடைசிக் கட்டத்துக்கு மட்டும். பயணிகள் சேவையிலிருந்து எடுத்து வேறு வேலைக்கு விட்டதை 'விலக்கிய பெட்டி' என்று எழுதலாம்.

கழிவு செய்த பிறகு சக்கரங்களைக் கழற்றுவார்கள், உடம்பைக் கேஸ் கட்டரால் அறுத்துப் பழைய இரும்பாக விற்பார்கள். அப்புறம் ஸ்டேஷன் வளாகங்களில் துண்டுத் தண்டவாளத்தின் மேல் நிறுத்தி உணவகமாக்கிய பெட்டிகள் இருக்கின்றன. அடியில் சக்கரம் இருந்தாலும் அவை இனி ரயிலில் சேராது, அதனால் அவற்றையும் கழிவு செய்த பெட்டி என்றே எழுதலாம்.