சாவி வாங்கும் முன் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்: புது அடுக்குமாடி வீட்டுக்குச் சட்டம் தரும் 5 ஆண்டுகள்

அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. வைகாசி முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அன்று காலை கட்டுமான நிறுவனத்தின் ஊழியர் சாவியோடு ஒரு கடிதத்தையும் நீட்டினார். ‘வீட்டை முழுமையாகப் பார்வையிட்டேன், எல்லா வகையிலும் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் சாவி கிடைக்கும். அக்கா பேனாவைத் திறந்துவிட்டாள். குளியலறைக் குழாயை ஒரு நிமிடம் திறந்து பார்க்கலாமே என்று நான் சொன்னது அப்போது தோன்றியதுதான். தண்ணீர் வடிகால் பக்கம் போகவில்லை. கதவுப் பக்கம் வந்து, நிலைப்படி ஓரம் தேங்கி, படுக்கையறைத் தரைக்குள் மெல்லக் கோடு போட்டது.

புது வீட்டில் குறை இருந்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நல்ல சட்டம் ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், சுருக்கமாக ரெரா. அதன் 14ஆவது பிரிவின் 3ஆம் உட்பிரிவு சொல்வது இது. கட்டமைப்பில் குறை, வேலைத்திறனில் குறை, தரத்தில் குறை, வசதிகளைச் செய்து தருவதில் குறை, அல்லது விற்பனை ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட வேறு கடமையில் குறை. இவற்றில் எதுவானாலும், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் கூடுதல் கட்டணம் எதுவும் வாங்காமல் 30 நாட்களுக்குள் சரிசெய்து தர வேண்டும். தவறினால் வீடு வாங்கியவருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு.

இதில் பலர் ‘5 ஆண்டு’ என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் அந்த வாக்கியத்தின் உயிர் ‘கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால்’ என்ற இடத்தில் இருக்கிறது. குறை இருந்தது என்பது மட்டும் போதாது. இன்ன தேதியில் இன்ன குறையைத் தெரிவித்தோம் என்று நம் கையில் காகிதம் இருக்க வேண்டும். 30 நாள் கணக்கும் அந்தக் காகிதத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும். மேற்பார்வையாளரிடம் வாசலில் சொன்னதும், தொலைபேசியில் பேசியதும், ‘அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்’ என்ற பதிலும் இரண்டு ஆண்டு கழித்து நிரூபிக்க முடியாத பேச்சாகிவிடும்.

ஒப்படைப்புக்கு முன் ஆய்வு நாள் என்று ஒன்றை இந்தச் சட்டம் தனியாக வைக்கவில்லை. நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். ‘ஒப்படைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாக, பகல் நேரத்தில், மின்சாரமும் தண்ணீரும் இணைக்கப்பட்ட நிலையில் வீட்டைப் பார்வையிட விரும்புகிறேன்’ என்று ஒரு மின்னஞ்சல் போதும். தண்ணீர் வராத வீட்டைப் பார்வையிடுவது பாதி வேலை கூட இல்லை.

இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்று நமக்கு எதிராக நிற்கிறது. முகூர்த்தத்தை முதலில் குறித்துவிடுகிறோம். பத்திரிகை கொடுத்து, சமையல்காரருக்கு முன்பணம் கட்டிய பிறகு எந்தக் குறையும் சின்னதாகத்தான் தெரியும். தேதி நெருங்க நெருங்க எதிரே இருப்பவர் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடத் தோன்றும். ஆய்வை முடித்துவிட்டு முகூர்த்தம் பாருங்கள் என்று வீடு வாங்கும் எல்லோரிடமும் கெஞ்சியே சொல்கிறேன்.

பார்க்க வேண்டியது என்ன?

முதலில் காகிதங்கள். கட்டுமான ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் டைல், குழாய், ஒயர், கதவு, ஜன்னல் என்று எந்தப் பொருள் எந்த வகையில் தரப்படும் என்ற பட்டியல் இருக்கும். அதையும், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றைப் பெறுவது வாங்குபவரின் உரிமை என்று 19ஆவது பிரிவு சொல்கிறது. பணி நிறைவுச் சான்றிதழ் வந்துவிட்டதா என்றும் கேளுங்கள். குடியேறலாம் என்று அதிகாரம் பெற்ற அமைப்பு தரும் சான்றிதழ், எந்தப் பெயரில் இருந்தாலும், அதை வாங்கித் தருவது கட்டுநரின் பொறுப்பு. அது வந்த 2 மாதத்துக்குள் வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டியது நம் கடமை. அது வருவதற்கு முன்பே சாவியைக் கொடுத்து அனுப்பப் பார்த்தால் மறுத்துவிடுங்கள்.

அடுத்து அளவு. கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்பதைச் சட்டமே வரையறுத்திருக்கிறது. உள்ளே பயன்படுத்தக்கூடிய தரைப்பரப்பு அது. உட்புறத் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் சேவைப் பாதை, நமக்கே உரிய பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை சேராது. டேப்பை எடுத்து அறை அறையாக அளந்து கூட்டிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும்.

மீதி நேரத்தில் பெரும்பகுதியைத் தண்ணீருக்குக் கொடுங்கள். நம் அடுக்குமாடிகளில் குளியலறைத் தளத்தைப் பெரும்பாலும் மற்ற அறைகளைவிடப் பள்ளமாக வார்த்து, குழாய்களை அந்தப் பள்ளத்தில் ஓடவிட்டு, மேலே நிரப்பி டைல் பதிக்கிறார்கள். அந்தப் பள்ளத்துக்குள் நடக்கும் கசிவு நம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றிரண்டு ஆண்டு கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் ஓதமாகத் தலைகாட்டும். அப்போது கட்டியவர் இருக்க மாட்டார், மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும்தான் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். எத்தனையோ நல்ல அக்கம்பக்கத்து உறவு இந்த ஒரு கசிவில் முறிந்திருக்கிறது.

அதனால் குளியலறை வடிகால் வாயைத் துணியால் இறுக அடைத்து, நிலைப்படியைத் தாண்டாத அளவுக்குத் தண்ணீரைக் கட்டிவிடுங்கள். நீர்மட்டத்தைச் சுவர் டைலில் பென்சிலால் குறித்துப் படம் எடுங்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விடுங்கள். பிறகு நீர்மட்டத்தைப் பாருங்கள், கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையையும் போய்ப் பாருங்கள். துணியை எடுத்ததும் தண்ணீர் முழுவதும் வடிகிறதா, மூலையில் தேங்குகிறதா என்பதிலேயே தரையின் வாட்டம், அதாவது சரிவு, தெரிந்துவிடும். சமையலறைத் தொட்டியை நிரம்ப நிரப்பி ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் தெரியும்.

டைலுக்கு ஒரு ரூபாய் நாணயம் போதும். அக்கா வீட்டில் எங்களோடு வந்த பக்கத்துத் தெருக் கொத்தனார் மண்டியிட்டு உட்கார்ந்து வரவேற்பறைத் தரையை நாணயத்தால் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாகப் பதிந்த டைல் ‘கணீர்’ என்று ஒலித்தது. அடியில் கலவை பரவாத டைல் ‘டொக்’ என்றது. ‘டொக்’ என்ற இடங்களில் எல்லாம் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார். மூன்று ஆண்டில் அலமாரிக் கால் பட்டு உடையப்போவது இவைதான் என்றார். ஏழு வட்டங்கள் விழுந்தன. பிறகு மட்டம் பார்க்கும் கருவியான ரசமட்டத்தைக் கதவு நிலையில் வைத்துக் காட்டினார், குமிழி நடுவில் நிற்கவில்லை.

சுவர்ப் பூச்சையும் நாணயத்தின் விளிம்பால் மறைவான ஒரு மூலையில் சுரண்டிப் பாருங்கள். 2021இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், புதிதாகக் குடியேறிய வீடுகளின் சுவர்ப் பூச்சு கை பட்டதும் உதிர்ந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. அங்கு குடியேறியவர்கள் எளிய மக்கள். அவர்களுக்கு நேர்ந்தது எவருக்கும் நேரக் கூடாது.

விரிசல் என்றாலே பயப்பட வேண்டாம். பூச்சில் சிலந்தி வலை போல் ஓடும் மெல்லிய கோடுகள் பூச்சு காய்ந்த விதத்தால் வருபவை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் விழும் விரிசல் ஆகியவற்றைக் கட்டுமான நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒரு சிவில் பொறியாளரிடம் காட்ட வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அது வளர்கிறதா என்று அடுத்த மாதம் தெரியும்.

மின்சாரத்தில், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே துண்டிக்க வேண்டும். ஒவ்வொரு பிளக்கிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் திறந்து மூடிப் பாருங்கள்.

கையெழுத்து

கண்ட குறைகளை அறை வாரியாக எழுதி, எண் போட்டு, படங்களை இணைத்து இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் நிறுவனத்தின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்படைப்புக் கடிதத்தில் ‘இணைப்பில் கண்ட குறைகளுக்கு உட்பட்டு வீட்டைப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். குறையே இல்லாத சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். ‘நீங்கள் ஆணி அடித்ததால் வந்தது’ என்று பின்னால் சொல்வதற்கு அதுதான் பதில்.

‘எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற கடிதத்தில் ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் மனம் தளர வேண்டாம். மற்றச் சட்டங்களோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 89ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் கொடுத்த உரிமையை அச்சடித்த ஒரு வரி எளிதில் அழித்துவிட முடியாது. பெங்களூரு குடியிருப்பு ஒன்று தொடர்பான வழக்கில், வீட்டை எடுத்துக்கொண்டு பத்திரம் பதிந்துவிட்டதாலேயே தாமத இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்த குறையைக் குறிப்பிடாமல் ‘திருப்தி’ என்று எழுதிக் கொடுத்தால் பின்னால் வாதாடுவது கடினம்.

கடைசித் தவணையை நிறுத்தி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தன்னிச்சையாக நிறுத்தாதீர்கள். ஒப்பந்தப்படி தவணை கட்டத் தாமதித்தால் நாம்தான் வட்டி கட்ட வேண்டியிருக்கும். எந்தக் குறை எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுவது நல்லது.

30 நாள் கடந்தும் வேலை நடக்கவில்லை என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். குறையைச் சரிசெய்ய உத்தரவிடக் கேட்டு ஆணையத்திடம் படிவம் ‘எம்’, இழப்பீடு கேட்டுத் தீர்ப்பு அலுவலரிடம் படிவம் ‘என்’. இரண்டும் வேறு வேறு மனுக்கள் என்பதைக் கவனியுங்கள். உத்தரவில் திருப்தி இல்லை என்றால் 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. விதித்த தொகையைக் கட்டுநர் கட்டாவிட்டால் அரசுக்கு வர வேண்டிய நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. லிஃப்ட், மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி போன்ற பொது இடங்களின் குறைக்குக் குடியிருப்போர் சங்கமே மனு செய்யலாம்.

எல்லா வீடுகளும் இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை அல்ல. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத, அல்லது வீடுகள் 8க்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை. சென்னையின் பழைய தெருக்களில் தனி வீட்டை இடித்துக் கட்டும் சிறு அடுக்குமாடிகள் பலவும் இப்படிப்பட்டவைதான். சொந்த மனையில் ஒப்பந்தக்காரரை வைத்துக் கட்டுபவர்களுக்கும் இந்த 5 ஆண்டுப் பிரிவு கைகொடுக்காது. இவர்களுக்கு நடைமுறையில் உதவுவது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருவதும் அதில் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். ரெராவில் பதிவான வீட்டை வாங்கியவர்களுக்கும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்திருக்கிறது.

அக்கா அன்று கையெழுத்திடவில்லை. மறுநாள் 14 குறைகளைப் பட்டியலிட்டு, அதற்கு உட்பட்டே சாவியை வாங்கினாள். குறித்த முகூர்த்தத்தில் பால் காய்ச்சினோம், ஆனால் குடியேறவில்லை. பதினெட்டாம் நாள் ஆட்கள் வந்து குளியலறைத் தரையை முழுவதும் உடைத்து, வாட்டம் பார்த்துத் திரும்பப் போட்டார்கள். இரண்டாவது ஐப்பசி மழையில் படுக்கையறை ஜன்னலடியில் ஓதம் தெரிந்தது. ஒப்படைத்து அப்போது 1 ஆண்டு 5 மாதம் ஆகியிருந்தது. பழைய பட்டியலின் தொடர்ச்சியாக 15 என்று எண் போட்டு, படத்தோடு, அன்று மாலையே அக்கா அனுப்பிவைத்தாள்.